பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம்

ஆவணி பிறந்துவிட்டது. ஆடி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வீட்டிலேயே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பால் காய்ச்சக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. போன முகூர்த்தத்தன்று காலையில் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டிகள் ஐந்தை எண்ணிவிட்டேன். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், கவிழ்த்துப் போட்ட நாற்காலிகள், அவற்றின் நடுவே ஒரு துளசித் தொட்டி. எல்லாம் 'குட்டி யானை' என்று நாம் செல்லமாக அழைக்கும் சின்ன லாரியில்.

அந்த ஐந்தில் மூன்று வண்டிகளில், கடைசியில், கதவோரமாக ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றான். ஒரு கை ஸ்கூட்டரின் கைப்பிடியில். இன்னொரு கை லாரியின் கம்பியில்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அடடா, எவ்வளவு பொறுப்பாக ஆள் போட்டுச் சாமானை அனுப்புகிறார்கள்!' என்று மெச்சிக்கூட இருப்பீர்கள். நானும் அப்படி மெச்சியவள்தான், சகோதரிகளே. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை பத்தரை மணி வரையில்.

எங்கள் பிள்ளைக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட் என்றால் மேற்கு மாம்பலத்தில் விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்து ஓட வேண்டும். மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். "இப்படி ராத்திரியும் பகலும் ஓடினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று நான்தான் ஆரம்பித்தேன். படப்பையில் வீடு பார்த்தோம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், வாடகையும் மாம்பலத்தில் பாதி. நாள் பார்த்து, குட்டி யானைக்கும் சொல்லியாயிற்று.

மருமகளுடைய ஸ்கூட்டர்தான் மிஞ்சியது. அதை ஓட்டிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓட்ட ஆள் இருந்தால் அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இன்றைக்கும் என் அபிப்பிராயம் அதுதான். ஆனால் பிள்ளை அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் ஓட்டக்கூடிய நிலையில் இல்லை. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்டி இருபது வருஷம் ஆகிறது. எனக்கோ சைக்கிளே வராது.

ஆகவே லாரியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. அதையும் முதலில் ஏற்றவில்லை. கடைசி நிமிஷம் வரை, எதிர்வீட்டுப் பிள்ளை அதில்தான் போய் எங்களுக்குக் காபியும் இட்லியும் வாங்கி வந்துகொண்டிருந்தான். சாமான் எல்லாம் ஏறி முடிந்து, கதவை மூட ஒன்றரை முழம் இடம் பாக்கி இருந்தபோது, அந்த இடத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே தூக்கி வைத்தார்கள். பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டார்கள். நைலான் கயிறு ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "விழுந்துடாதாப்பா?" என்றேன்.

லாரிக்காரரோடு வந்த பையன், பத்தொன்பது வயது இருக்கும், சட்டென்று ஏறி நின்றுகொண்டான். "நான் பிடிச்சுக்கிறேம்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்றான்.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்று வரையில் மறக்க முடியவில்லை. "ஜாக்கிரதையாப் பிடிச்சுக்கோப்பா. ஒரு கீறல் விழக்கூடாது. அவங்கப்பா வாங்கிக் கொடுத்த வண்டி" என்றேன்.

நாங்கள் பின்னால் ஒரு வாடகைக் காரில் வந்தோம். தாம்பரம் தாண்டி, முடிச்சூர் தாண்டி, மண்ணிவாக்கம் பக்கம் வாலாஜாபாத் ரோட்டில் ஏறியதும் லாரி வேகம் பிடித்தது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் இருக்கும். திடீரென்று ஒரு கன்றுக்குட்டி சாலையின் நடுவே வந்து நின்றது. லாரிக்காரர் நல்ல ஓட்டுநர்தான். பிரேக்கைப் போட்டு அதைக் காப்பாற்றிவிட்டார். பின்னால், என் கண் எதிரே, ஸ்கூட்டர் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியது. சுற்றியிருந்த கயிறு ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்தது. பையன் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்தான். பிடித்தபடியே அதோடு போய்க் கிரைண்டரில் மோதினான். ஸ்கூட்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவே அவன் கால்.

கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிச் செலவையும் ஆறு வாரக் கூலியையும் என் வீட்டுக்காரர் கொடுத்தார். அவன் தாயார் வந்தார். எங்களைத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "நீங்க வேணும்னா செஞ்சீங்க, விடுங்கம்மா" என்று என்னையே தேற்றினார். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஏண்டாப்பா, விட்டுட்டு ஒதுங்கியிருக்கலாமே?" என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

"நீங்க கீறல் விழக்கூடாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றான்.

ஸ்கூட்டரில் கீறல் விழவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போமா? பயப்படாதீர்கள், மளிகைக் கணக்கைவிடச் சுலபந்தான். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று சுமார் 110 கிலோ. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி பத்து மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஸ்கூட்டர் ஏறக்குறைய 70 கிலோ பாரத்தின் பலத்தோடு முன்னால் பாயும். அதைப் பிடித்திருக்கும் பையனுடைய உடம்பும் அதே விகிதத்தில் பாயும். லாரிதானே நின்றது, அவன் நிற்கவில்லையே! தானே விழுந்துகொண்டிருக்கிறவன் இன்னொன்று விழாமல் தடுப்பது எப்படி? புல்லட் மாதிரியான கனத்த மோட்டார் சைக்கிள் 190 கிலோவுக்கு மேல். அதன் பாய்ச்சலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் சரக்கு லாரிகளுக்கு ஒரு விதி உண்டு. சரக்கைக் கட்டும் கட்டு, அந்தச் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு பலத்தை முன்பக்கமாகத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடையைத் தாங்க வேண்டும். கட்டு தாங்க வேண்டும் என்றுதான் விதி. ஆள் தாங்குவது என்கிற பேச்சே அதில் இல்லை.

நம் ஊர்ச் சட்டமும் சரக்கு ஏற்றும் தளத்தில் மனிதரை ஏற்ற இடம் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றும் ஓட்டுநரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆக, நாம் 'ஜாக்கிரதையாப் பிடிச்சுக்கோப்பா' என்று சொல்லும்போது ஒரு பையனின் காலையும் ஓர் ஓட்டுநரின் பிழைப்பையும் சேர்த்துப் பணயம் வைக்கிறோம்.

படப்பைக்குக் குடி வந்த பிறகுதான் எனக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டது. நாங்கள் வந்து சேர்ந்த பிரதேசத்துக்குத் தொழிலே வண்டி செய்வதும், அதைப் பத்திரமாக லாரியில் ஏற்றி அனுப்புவதுந்தான்! ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று எத்தனை தொழிற்சாலைகள்! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. 2012-ல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் வந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா. சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீள லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம்.

அடுத்த முறை பார்க்கும்போது, காரின் நிறத்தைப் பார்த்தது போதும், சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடை இருக்கும். சக்கரத்தின் மேல் ஒரு பட்டைப் பெல்ட் ஏறி இறங்கி, அதை லாரியின் தளத்தோடு அமுக்கிப் பிடித்திருக்கும். அந்த லாரிகளில் எதிலாவது, காரைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறாரா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் படப்பை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த வண்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால் உடைந்த கதையை அவர் மனைவியிடம் நான் சொல்லி அழுதபோது, திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பிள்ளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமே வீடு மாற்றினான். குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து, நடையாய் நடக்கிறது. வீட்டில் இப்போது இரண்டு வண்டி. மோட்டார் சைக்கிளைப் பிள்ளை ஓட்டிப் போவான். ஸ்கூட்டருக்கு மறுபடியும் லாரிதான். எனக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டு அம்மாள், "ஏன்க்கா கவலைப்படறீங்க? இவர் சும்மாத்தானே இருக்காரு!" என்று கணவரை அனுப்பி வைத்தார். அவர் செய்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் லாரிக்காரரைக் கூப்பிட்டு, "முதல்ல ஸ்கூட்டர், அப்புறந்தான் சாமான்" என்றார். இட்லி வாங்க வேறு வழி பார்த்துக்கொள்ளும்படி எனக்கும் உத்தரவாயிற்று. ஸ்கூட்டர் லாரியின் தலைமாட்டில், முன் சக்கரம் முன்பலகையில் முட்டும்படி, நீளவாக்கில் நடுவே நிற்க வேண்டுமாம். குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போது விழுவதற்கென்றே வைத்த மாதிரி. குட்டி யானையின் தளம் ஏழடி நீளம் வரும், ஸ்கூட்டர் ஆறடி. தாராளமாக நிற்கும். அதன் இரு பக்கமும் மெத்தை, தலையணை, துணிமூட்டை. சாமான் அதிகமென்றால் இன்னொரு நடை போகட்டும். ஸ்கூட்டரைத் திணிக்கக் கூடாது. சமையல் காஸ் சிலிண்டரை அதோடு சேர்த்து வைக்கவும் கூடாது.

அடுத்தது பலகை. இங்கேதான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம். "தூக்கிடலாம் சார், நாலு பேர் இருக்கோம்" என்றார்கள் வந்த ஆட்கள். தூக்கித்தான் போன தடவை ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்தோ எட்டடி நீளம், ஓரடி அகலம், இரண்டங்குலக் கனத்தில் ஒரு பலகை கொண்டுவந்தார். லாரித் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஐந்தடிப் பலகை போட்டால் ஸ்கூட்டரின் எடையில் பாதியை, அதாவது 55 கிலோவை, மேலே தள்ள வேண்டியிருக்கும். எட்டடிப் பலகை போட்டால் 35 கிலோவுக்கும் குறைவுதான். மூன்றடிப் பலகை அதிகம் தேடியதற்கு இருபது கிலோ லாபம்! அது மட்டுமல்ல. லாரியின் பின்புறத்தை எங்கள் வாசல் மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னார். பலகையின் கால் மேட்டில் ஊன்றியதும் ஏற்றம் இன்னும் தணிந்துவிட்டது. லாரிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். பலகையின் மேல்முனையைக் கயிற்றால் லாரியின் கொக்கியோடு கட்டினார்கள்.

இந்தக் கட்டு எதற்கு என்று கேட்டேன். என் அக்கா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள், காட்டுப் பாதையில் ஓட்டுவதற்காக ஏ.டி.வி. என்று ஒரு நாலு சக்கர மோட்டார் சைக்கிளைத் தங்கள் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்களாம். (நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் அந்தப் பொழுதுபோக்கை மூட்டை கட்டிவிட்டன. மான்கள் பிழைத்தன.) அதைப் பலகையில் ஓட்டி ஏற்றும்போது, சக்கரம் முன்னே ஏற முயலும்; அதே பலத்தோடு பலகையைப் பின்னே உதைக்கும். பலகை நழுவினால் வண்டி மல்லாந்து ஓட்டியவர் மேலேயே விழும். அதனால் பலகையைச் சங்கிலி போட்டுப் பிணைத்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது அங்கே பாலபாடம். நாலு சக்கரத்துக்கே அந்தக் கதி என்றால் இரண்டு சக்கரத்துக்குக் கேட்பானேன்? ஆகையால், 'ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஏறிடும்மா' என்று எந்தச் சூரன் சொன்னாலும் விடாதீர்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். கையால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஆள் நடந்து ஏறப் பக்கத்தில் இன்னொரு பலகை இருக்க வேண்டும். மழை பெய்திருந்தால் பலகையில் சாக்கு சுற்றுங்கள்.

ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இருவர் பின்னால் இரு பக்கத்திலும் நின்று தள்ளினார்கள். நேர் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. பாதி ஏற்றத்தில் நிறுத்த நேர்ந்தால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேல் நோக்கி நிற்கும் வண்டியின் பாரமெல்லாம் பின் சக்கரத்தில் இறங்கிவிடுவதால், முன் பிரேக்கை மட்டும் நம்பினால் அது வழுக்கிக்கொண்டு வரும். கடைசியாக அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லச் சொன்னேன், எல்லோர் காதிலும் விழட்டும் என்று.

"சாயற மாதிரி இருந்தா விட்டுட்டு விலகுங்கப்பா. வண்டிக்குப் பெயின்ட் அடிச்சுக்கலாம்."

இனி, கட்டும் விஷயம். நைலான் கயிற்றை அவர் தொடவே இல்லை. இழுத்தால் நீளும், ஈரத்தில் முடிச்சு நழுவும் என்று ஒதுக்கிவிட்டார். ராட்செட் பெல்ட் என்று கடைகளில் கிடைக்கிறது. அழுத்தமான நாடாப் பட்டை. ஒரு முனையில் கொக்கி. நடுவில் பல்சக்கரம் வைத்த ஒரு பூட்டு. பூட்டின் பிடியை மேலும் கீழும் அசைத்தால் 'கடக் கடக்' என்று பட்டை இறுகிக்கொண்டே போகும், பின்வாங்காது. நாலு பெல்ட் வாங்கினோம். குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போகும் செலவுக்குள்தான் வந்தது.

நாலும் நாலு மூலைக்கு. முன்னால் இரண்டு, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் இரும்புத் தண்டிலிருந்து இடமும் வலமுமாக, முன்னோக்கிக் கீழே இழுக்கும்படி. பின்னால் இரண்டு, சீட்டின் பின்புறத்து இரும்புப் பிடிகம்பியிலிருந்து பின்னோக்கிக் கீழே. பிளாஸ்டிக் மூடி எதிலும் கட்டக் கூடாது, படாரென்று உடையும். பெல்ட் உரசும் இடத்தில் பழைய துணி. ஸ்டாண்டு இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்கூட்டர் தன் சக்கரத்திலேயே நேராக நிற்க வேண்டும். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. "ஸ்டாண்ட் போட்டா இன்னும் பலமில்லையா சார்?" என்றேன்.

"ஸ்டாண்ட் போட்டா ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும்மா. பெல்ட்டை இறுக்க இறுக்க ஸ்டாண்ட் வளையும், இல்லே மடங்கும். மடங்கின உடனே நாலு பெல்ட்டும் தொளதொளன்னு ஆயிடும்" என்றார்.

இறுக்குவதிலும் ஒரு பதம் இருக்கிறது, பாகு காய்ச்சுவது மாதிரி. சக்கரத்துக்கு மேலே உள்ள ஸ்பிரிங் பாதி அமுங்கும் வரை இறுக்க வேண்டும். சும்மா ஒட்டினாற்போல் கட்டிவிட்டால், பள்ளத்தில் லாரி குதிக்கும்போது ஸ்பிரிங் தானே அமுங்கும். அந்த நொடியில் பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். அதற்காக முழுக்க அமுக்கி நசுக்கினால் உள்ளே எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் கெட்டுப்போகும். பிரேக் கைப்பிடி இரண்டையும் பிடித்த நிலையில் ரப்பர் பட்டையால் கட்டிவிட்டார். கண்ணாடிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் மருமகள் வைத்திருந்த குடை, மழைக்கோட்டு, குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் வெளியே வந்தன. ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸ் காகிதமும் என் கைப்பைக்குள் போயின. பெட்ரோல் அரை லிட்டருக்கு மேல் இருக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ரயிலில் பார்சலாக அனுப்புகிறவர்கள் அந்த அரை லிட்டரும் இல்லாமல் வற்ற எடுத்துவிட வேண்டும். வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கட்டு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் கற்ற வித்தைகளிலே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துப் பலமாக ஆட்டினார். ஸ்கூட்டர் தனியாக ஆடவில்லை. குட்டி யானையே தன் நாலு சக்கரத்தின் மேல் ஆடியது! "ரெண்டும் ஒண்ணாயிடுச்சும்மா. இனிமே தைரியமா அனுப்பலாம்" என்றார். ஸ்கூட்டர் மட்டும் ஆடினால் கட்டு போதாது என்று அர்த்தம்.

பிறகு சாமானை ஏற்றினார்கள். ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தியதும், லாரியோடு வந்த பையன் பழக்க தோஷத்தால் பின்னால் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டான். இவனுக்கும் அதே வயதுதான் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

"இறங்குப்பா! முன்னால போய் உக்காரு."

"அப்ப வண்டியை யாரும்மா பிடிச்சுக்கிறது?"

"யாரும் பிடிக்க வேண்டாம். நீ இறங்கு முதல்லே."

அவன் லாரிக்காரரைப் பார்த்தான். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு என்ன வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பையன் முன்னால் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தும் வரையில் நான் நகரவில்லை.

ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரிடத்தில் நிறுத்தி ஒரு முறை பார்க்கச் சொல்லியிருந்தார் பக்கத்து வீட்டுக்காரர். ஓட்டத்தில் எல்லாம் சற்றுப் படிந்து, பெல்ட் கொஞ்சம் தளருமாம். வழியில் நிறுத்தினோம். வாஸ்தவந்தான். முன் பெல்ட் ஒன்று இரண்டு 'கடக்' வாங்கியது. அதற்குப் பிறகு ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை பிரேக், எத்தனை பள்ளம்! நான் காரின் கண்ணாடி வழியாக முன்னால் போகும் லாரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மெத்தைகளுக்கு நடுவே ஸ்கூட்டரின் சீட்டு கொஞ்சம் தெரிந்தது. அது அசையவே இல்லை.

இறக்கும்போதுதான் மனிதர்கள் அவசரப்படுகிறார்கள். வந்து சேர்ந்தாயிற்று என்ற நினைப்பு. ஏற்றுவதைவிட இறக்குவதில் அபாயம் அதிகம், ஏனென்றால் ஸ்கூட்டர் தானாகவே இறங்க ஆசைப்படுகிறது. அதே எட்டடிப் பலகை கூடவே வந்திருக்க வேண்டும். அதைக் கட்டிய பிறகே பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். நாலையும் ஒரே சமயத்தில் அவிழ்க்காமல், கைப்பிடியை ஒருவர் பற்றிய பிறகு ஒவ்வொன்றாக. பின் சக்கரம் முதலில் இறங்கட்டும். இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு. இங்கும் கீழே நேராக யாரும் நிற்க வேண்டாம். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைத் தாழிடுங்கள். எங்கள் பேரன் 'பாட்டி, டுர்ர்' என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டட்டும்.

வண்டிக்குச் சொல்லும்போதே, "பெல்ட் இருக்கா? நீளப் பலகை இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். 'இல்லை' என்றால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றி இறக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும், இருநூறு முந்நூறு ரூபாய் கூட ஆகும் என்று லாரிக்காரர் சொன்னால், அந்த இடத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். கத்தரிக்காய்க்காரியிடம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் நாலு பெல்ட்டையும் சுருட்டி, பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். படப்பையிலிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் போன வெள்ளிக்கிழமை டெலிபோன் செய்தார். அவர் தங்கை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வீடு மாற்றுகிறாளாம். ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். இன்னும் திரும்பி வரவில்லை. பலகையும் அங்கேதான் போயிருக்கிறது.